சின்னக் குழந்தையோடு ஐரோப்பா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாங்கள் கோயமுத்தூர். மகளுக்கு ஒன்றரை வயதில் ஒருமுறை ஜெர்மனி, சுவிட்சர்லாந்து போனோம். நாலரை வயதில் பிரான்ஸ், இத்தாலி. அதிலிருந்து கல்யாண வீட்டிலும் பள்ளிக்கூட வாசலிலும் கோயில் நோம்பியிலும் யாரைப் பார்த்தாலும் இந்தப் பேச்சுதான், கேட்கிற சந்தேகங்களும் அநேகமாக ஒன்றேதான். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே வைத்திருக்கிறேன்.

ஏனுங் அம்மிணி, இத்தனூண்டு கொழந்தையத் தூக்கிக்கிட்டு அவ்வளவு தூரம் போகோணுமா? அதுக்கு என்ன நெனப்பிருக்கப் போகுது?

நினைப்பிருக்காது, உண்மைதான். ஒன்றரை வயதில் பார்த்த எதுவும் இன்று அவளுக்கு ஞாபகம் இல்லை. ஆனால் என் வீட்டுக்காரருக்குப் பட்டறை வேலை, காலை ஏழு மணிக்குக் கிளம்பினால் குழந்தை தூங்கிய பிறகுதான் வருவார். அந்தப் பதினான்கு நாளில்தான் முதல்முறையாக அவரே குளிப்பாட்டி, சோறூட்டி, தோளில் போட்டுத் தூங்கவைத்தார். ஊருக்குத் திரும்பிய பிறகும் ஒரு மாதம் வரை ராத்திரி அழுதால் "அப்பா" என்றுதான் அழுதாள். இது போதும் என்று தோன்றுகிறவர்கள் எந்த வயதிலும் கூட்டிப்போகலாம்.

ஐரோப்பாவைக் குழந்தைக்குக் "காட்ட" வேண்டும் என்பதுதான் எண்ணமென்றால் ஐந்து வயது வரை பொறுங்கள், அவசரமே இல்லை.

அப்ப எந்த வயசுல போனா செலவு கம்மிங்க?

இரண்டு வயது முடியாத குழந்தைக்கு விமானத்தில் தனி இருக்கை வாங்க வேண்டியதில்லை, மடியில் வைத்துக்கொள்ளலாம். பெரும்பாலான கம்பெனிகள் பெரியவர் கட்டணத்தில் பத்தில் ஒரு பங்கு போல வாங்கும். இரண்டாவது பிறந்தநாளிலிருந்து தனி இருக்கைதான், கட்டணம் பெரியவரோடு ஒப்பிட்டால் கொஞ்சம்தான் குறையும். அடுத்த எல்லை ஆறு வயது: அதற்குள் இருந்தால் விசாக் கட்டணமும் கிடையாது, சில நாடுகளில் ரயிலும் இலவசம். அதைக் கீழே சொல்கிறேன்.

செலவை விட்டுவிட்டு எது சுலபம் என்று கேட்டால், இன்னும் நடக்க ஆரம்பிக்காத குழந்தை சுலபம், நாலு வயது தாண்டிய குழந்தையும் சுலபம். நடுவில் உள்ள ஒன்றரை முதல் மூன்று வயதுதான் கஷ்டம். உட்காரவும் மாட்டார்கள், சொன்னாலும் கேட்க மாட்டார்கள்.

பத்து நாள்ல ஏழு நாடு காட்டற பேக்கேஜ் ஒண்ணு இருக்குதுங்க, ஆளுக்கு இவ்வளவுதான்கிறாங்க. போட்டுரலாமுங்களா?

வேண்டாம். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். ஏழு நாடு என்றால் தினமும் காலை ஆறரை மணிக்குப் பெட்டியைக் கட்டி, பஸ்ஸில் நாலைந்து மணி நேரம் உட்கார்ந்து, ஒரு கோபுரத்தின் முன் போட்டோ எடுத்து, மறுபடி பஸ் ஏறுவது. பெரியவர்கள் தாங்குவார்கள். குழந்தைக்கு இரவு தூங்கின கட்டில் காலையில் இல்லை, சாப்பாட்டு நேரம் அதன் கையில் இல்லை, ஓடுவதற்கு இடமே கிடைப்பதில்லை. எங்கள் சொந்தத்தில் ஒரு குடும்பம் மூன்று வயதுப் பையனோடு அப்படிப் போய்விட்டு வந்து, பார்த்த ஊர்களின் பெயரைக்கூடச் சொல்லத் தெரியாமல் களைத்துப் போயிருந்தார்கள்.

நாங்கள் செய்தது இதுதான்: பதினான்கு நாளுக்கு இரண்டே ஊர்களில் தங்கினோம். முதல் பயணத்தில் முனிச்சில் ஆறு இரவு, லூசர்னில் ஏழு இரவு. அங்கிருந்து ரயிலில் காலையில் கிளம்பி ஒரே ஒரு இடம், மதியம் மூன்று மணிக்கெல்லாம் திரும்பி, அறையில் தூக்கம், சாயங்காலம் பக்கத்துப் பூங்காவில் ஊஞ்சல். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை எங்கேயும் போகாத நாள் ஒன்று. நாடுகளின் எண்ணிக்கை குறைந்ததைப் பற்றி இன்றுவரை எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

எந்த மாசம் போறதுங்க? ஸ்கூல் லீவுன்னா ஏப்ரல் கடைசி, மே தானுங்களே?

மே நல்ல மாதம்தான். குளிர் பெரிதாக இருக்காது, பூ பூத்திருக்கும், ஜூலை ஆகஸ்ட் கூட்டமும் வந்திருக்காது. மாரியம்மன் நோம்பி முடிந்த கையோடு கிளம்பினால் சரியாக இருக்கும்.

ஒரு விஷயத்துக்கு மட்டும் தயாராகப் போங்கள்: வெளிச்சம். ஜூனில் பாரிஸில் சூரியன் மறையவே கிட்டத்தட்ட இரவு பத்து மணி ஆகும். "இன்னும் பகல்தானே" என்று குழந்தை தூங்காது. ஜன்னலுக்குக் கெட்டியான திரை இருக்கிற அறையாகக் கேட்டு வாங்குங்கள். நேர வித்தியாசம் கோடையில் மூன்றரை மணி நேரம்தான். நம் ஊர்க் குழந்தை முதல் இரண்டு நாள் விடிகாலை மூன்று, நாலு மணிக்கே எழுந்துகொள்ளும். அதோடு சண்டை போடாதீர்கள். ஆறு மணிக்கு வெளியே போனால் கூட்டமே இல்லாத ஊர் உங்களுக்குக் கிடைக்கும். சாயங்காலம் சீக்கிரம் படுத்துவிடுங்கள்.

விசா எங்க போடறது? கொழந்தைக்கும் தனியா வேணுமுங்களா?

குழந்தைக்கும் தனி பாஸ்போர்ட், தனி விசா. ஷெங்கன் விசா ஒன்று எடுத்தால் 29 நாடுகளுக்குப் போகலாம். 180 நாளில் 90 நாள் வரை. எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும். இரண்டு நாட்டில் சம நாள் என்றால் முதலில் இறங்குகிற நாடு. சென்னையிலோ பெங்களூரிலோ உள்ள, விசா விண்ணப்பம் வாங்கும் விஎஃப்எஸ் மையத்தில் கொடுக்கலாம். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே வாங்குவார்கள், கடைசிக் கெடு 15 நாள். முடிவு வர வழக்கமாக 15 நாள், சில சமயம் 45 நாள் வரை இழுக்கும். மே மாதத்துக்கு ஜனவரி கடைசியிலேயே நேரம் பதிவு செய்துவிடுங்கள், கோடைக்கு எல்லோரும் ஒரே சமயத்தில் முட்டுவார்கள்.

கட்டணம் 2024 ஜூனிலிருந்து பெரியவருக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயது வரை 45 யூரோ, ஆறு வயதுக்குள் இலவசம். மையத்தின் சேவைக் கட்டணம் தனி. 12 வயதுக்குள் கைரேகை கிடையாது. பாஸ்போர்ட் நீங்கள் திரும்பும் நாளுக்குப் பிறகும் மூன்று மாதமாவது செல்ல வேண்டும். குழந்தை பாஸ்போர்ட்டுக்கு ஐந்து வருடம்தான் ஆயுள் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள், பிறந்தவுடன் எடுத்தவர்கள் தேதியை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு எடுக்க வேண்டும், குழந்தைக்கும் சேர்த்து.

எங்களுக்குத் தோப்பும் மாடுந்தானுங்க. சம்பளச் சீட்டும் இல்ல, வருமான வரியும் கட்டறதில்ல. விசா குடுப்பாங்களா?

பொள்ளாச்சிப் பக்கமிருந்து இதைக் கேட்காத மாதம் இல்லை. விவசாய வருமானத்துக்கு வரி இல்லை என்பது சட்டம், அது உங்கள் குறை அல்ல. அதைக் காகிதத்தில் புரியவைக்க வேண்டும், அவ்வளவுதான். பட்டா, சிட்டா நகலை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வையுங்கள். தேங்காய் விற்ற ரசீது, பால் சங்கத்தில் பணம் வந்த கணக்கு, வங்கிக் கணக்கு அறிக்கை எல்லாம் சேருங்கள். எவ்வளவு தோப்பு, வருடத்துக்கு எத்தனை வெட்டு, யார் பார்த்துக்கொள்கிறார்கள், எதற்காகத் திரும்பி வருவீர்கள் என்று ஒரு பக்கத்துக்குக் கடிதம் எழுதுங்கள்.

ஒன்றே ஒன்று செய்யாதீர்கள்: விண்ணப்பத்துக்கு முந்தின வாரம் மச்சானிடம் வாங்கி ஐந்து லட்சத்தை ஒரே நாளில் கணக்கில் போடுவது. எங்கிருந்து வந்தது என்று தெரியாத பெரிய தொகைதான் முதலில் கண்ணில் படும்.

கோயமுத்தூர்ல இருந்தே ஏறிக்கலாமுங்களா?

நேரடி விமானம் கிடையாது. எங்கேயாவது மாறித்தான் போக வேண்டும். பெங்களூரிலிருந்து ஃபிராங்க்பர்ட், பாரிஸ், ஆம்ஸ்டர்டாமுக்கு நேரே போகலாம், சென்னையிலிருந்து ஃபிராங்க்பர்ட்டுக்கு. கொச்சியிலிருந்து துபாய், தோஹா, அபுதாபி வழியாக ஒரே மாற்றத்தில் போகலாம். ஈரோடு, சேலம், நாமக்கல்காரர்களுக்குப் பெங்களூரு தோது. கோவை, பொள்ளாச்சிக்காரர்களுக்குக் கொச்சி நாலு மணி நேரக் கார் பயணம். எதுவானாலும் முதல் நாளே போய் அங்கே தூங்கிவிட்டு ஏறுங்கள். வால்பாறை போகிற மாதிரி நடுராத்திரி கிளம்பிப் போய் விமானம் ஏறினால், விமானத்துக்குள் நுழையும்போதே குழந்தை அழுதுகொண்டுதான் இருக்கும்.

போகும்போது இருபத்து மூணு மாசம், திரும்பும்போது ரெண்டு முடிஞ்சிரும். எந்த டிக்கெட் எடுக்கறது?

மடி டிக்கெட் எடுக்கலாம் என்று மேலே சொன்னது பயணம் செய்கிற அந்த நாளின் வயதைப் பொறுத்தது. போகும்போது மடி, திரும்பும்போது இருக்கை. இணையத்தில் இதைப் பதிவு செய்யப்போனால் பல சமயம் சிக்கிக்கொள்ளும், கம்பெனிக்கே போன் செய்து பேசி எடுங்கள். முன்வரிசைத் தொட்டிலையும் அப்போதே கேட்டுவிடுங்கள். அதற்கு எடை வரம்பு உண்டு, இந்த வயதுக் குழந்தை அதைத் தாண்டியிருக்கலாம்.

விமானம் இறங்கும்போது காது வலிக்கும், அதனால்தான் பாதிக் குழந்தைகள் அந்த நேரத்தில் அழுகின்றன. விழுங்கிக்கொண்டே இருந்தால் காது அடைப்பு விடும். ஆகவே பாலோ தண்ணீரோ ஏதாவது ஒன்றை இறங்கும் நேரத்துக்கென்று மிச்சம் வையுங்கள்.

சோத்துக்கு என்ன பண்றதுங்க அக்கா? இவன் அரிசிம்பருப்புத் தவிர எதுவும் தொடமாட்டான்.

அப்படியானால் அரிசிம்பருப்பே ஆக்கிப் போடுங்கள். ஓட்டல் அறை எடுக்காமல் சமையலறையோடு கூடிய வீடாக எடுங்கள். ஓட்டல் அறையில் அடுப்பு வைத்தால் புகை எச்சரிக்கை மணி அடித்து மாடி முழுக்க வெளியே வந்து நிற்க வேண்டியிருக்கும். நாங்கள் ஒரு சின்ன மின்சார ரைஸ் குக்கர், துவரம்பருப்பு, சின்ன டப்பாவில் சீரகம், மஞ்சள்தூள் எல்லாம் கொண்டுபோனோம். அரிசியும் சின்ன வெங்காயம் மாதிரியான ஒன்றும் அங்கேயே கிடைத்தது. காலையில் ஒரு குக்கர் வைத்து, சூடு தாங்கும் டப்பாவில் அடைத்துக்கொண்டு கிளம்பினால் மதியம் ஏரிக்கரையில் உட்கார்ந்து ஊட்டிவிடலாம். பெரியவர்களுக்கு ரொட்டி, பாலாடைக்கட்டி, பழம் என்று எது கிடைத்தாலும் ஓடிவிடும்.

நெய், பால்கோவா, கருவேப்பிலையெல்லாம் எடுத்துட்டுப் போலாமுங்களா? அம்முச்சி கட்டிக்குடுத்தாங்க.

நெய் கூடாது. வெளிநாட்டிலிருந்து பால் பொருளும் இறைச்சியும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பயணிகள் கொண்டுபோக அனுமதி இல்லை. நெய், பால்கோவா, கருவாடு போட்ட தொக்கு எதையும் பெட்டியில் வைக்காதீர்கள்; கருவாட்டுக்கு விதி வேறு என்றாலும் சுங்கத்தில் நின்று விளக்கிக்கொண்டிருக்கக் குழந்தை விடாது. நெய் மைசூர்பாகையும் வீட்டிலேயே வைத்துவிடுங்கள். கருவேப்பிலை போன்ற பச்சை இலைக்கும் பெரும்பாலான பழங்களுக்கும் தாவர நலச் சான்றிதழ் கேட்பார்கள். வாழைப்பழம், பேரீச்சம்பழம், அன்னாசிக்கு அந்தச் சான்று வேண்டாம்.

குழந்தையின் பால்பவுடருக்கும் குழந்தை உணவுக்கும் மட்டும் விலக்கு உண்டு: ஆளுக்கு 2 கிலோ வரை, ஃபிரிட்ஜில் வைக்கத் தேவையில்லாததாக, கம்பெனி அடைத்த பாக்கெட்டாக இருக்க வேண்டும். பயன்படுத்திக்கொண்டிருக்கிற ஒன்றைத் தவிர மற்றவை பிரிக்காமல் இருக்க வேண்டும். வீட்டில் அரைத்த ராகி மாவு, பருப்புப் பொடி, நாட்டுச்சர்க்கரை, கடலை மிட்டாய் எல்லாம் நாங்கள் கொண்டுபோனோம். நெய்க்குப் பதிலாக அங்கே உப்பில்லாத வெண்ணெய் வாங்கி உருக்கிக்கொண்டால் பத்து நிமிடத்தில் நெய்.

பாலு தயிரெல்லாம் நல்லா கெடைக்குங்களா?

அருமையாகக் கிடைக்கும். கொழுப்பெடுக்காத பால் வேண்டுமென்றால் ஜெர்மன் பேசும் ஊர்களில் "ஃபோல்மில்ஷ்", பிரான்ஸில் "லே ஆந்தியே", இத்தாலியில் "லாத்தே இந்தேரோ" என்று பாருங்கள். தயிரில் "நாட்டூர்" என்று போட்டிருப்பது இனிப்பில்லாதது.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் கவனம். ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்தில் ஞாயிறன்று கடைகள் மூடியிருக்கும். நாங்கள் முனிச்சில் இறங்கியது ஞாயிறு மதியம், கையில் ஒரு சொட்டுப் பால் இல்லை, குழந்தை அழுகிறாள், தெருவே அடைத்துக் கிடக்கிறது. பக்கத்து வீட்டு அம்மா ஒருவர்தான் சைகையிலேயே ரயில் நிலையத்துக்குப் போகச் சொன்னார். பெரிய நிலையங்களுக்குள் இருக்கும் கடைகள் ஞாயிறும் திறந்திருக்கும்.

தள்ளுவண்டி கொண்டு போலாமா, இல்ல இடுப்புல தூக்கிக்கறதா?

இரண்டும். மடக்கினால் ஒரு கையில் தூக்கக்கூடிய எடை குறைந்த வண்டி ஒன்று, துணியில் கட்டிக்கொள்ளும் தூளி ஒன்று. ஜெர்மனி, சுவிட்சர்லாந்தில் வண்டி சுகம். வெனிஸில் 400க்கும் மேற்பட்ட பாலங்கள், பெரும்பாலும் படிகள், அங்கே வண்டியை அறையில் வைத்துவிடுங்கள். பாரிஸ் மெட்ரோவில் எல்லா நிலையங்களிலும் லிஃப்ட் உள்ள தடம் 14வது தடம். மற்ற தடங்களில் பெரும்பாலும் படியேறித்தான் ஆக வேண்டும். அங்கே பஸ்ஸில் போவது எவ்வளவோ மேல், வண்டியோடு அப்படியே ஏறலாம், குழந்தைக்கு ஜன்னலில் ஊரும் தெரியும்.

ரயில்ல கொழந்தைக்கு டிக்கெட் உண்டுங்களா?

ஜெர்மனியிலும் சுவிட்சர்லாந்திலும் ஆறு வயதுக்குள் இலவசம். பிரான்ஸ், இத்தாலியில் மடியில் வைத்துக்கொண்டால் நாலு வயதுக்குள் இலவசம். சுவிட்சர்லாந்தில் பெற்றோர் ஸ்விஸ் டிராவல் பாஸ் எடுத்தால் 6 முதல் 15 வயதுக் குழந்தைகளுக்குக் குடும்ப அட்டை இலவசமாகத் தருவார்கள். இலவசம் என்றால் இருக்கை உறுதி என்று அர்த்தமில்லை, நீண்ட தூரத்துக்குக் குழந்தைக்கும் ஒரு இருக்கை பதிவு செய்துகொள்ளுங்கள். சுவிஸ் இரட்டைமாடி ரயில்கள் பலவற்றில் மேல்மாடியில் சறுக்கு மரத்தோடு விளையாட்டுப் பெட்டியே உண்டு. என் மகளுக்கு இரண்டு பயணத்திலும் சேர்த்துப் போட்டோவில் மிகப் பெரிய சிரிப்பு அங்கேதான்.

பனிமலைக்குப் போகாம வந்தா சுவிட்சர்லாந்து போனதாவே ஆகாதுங்களே?

எல்லோரும் போகிற பனிமலை ரயில் நிலையமான யுங்ஃபிராவ்யோக் 3,454 மீட்டர் உயரம். நம் ஊட்டி ஏறக்குறைய 2,240 மீட்டர், தொட்டபெட்டாவே 2,637தான். அவ்வளவு உயரத்துக்கு இரண்டு மணி நேரத்துக்குள் ஏறிவிடுகிறோம். தலை வலிக்கிறது, குமட்டுகிறது என்று சொல்லத் தெரியாத குழந்தையை அங்கே கூட்டிப்போக எனக்கு மனம் வரவில்லை. சளி பிடித்திருந்தால் காது வலியும் சேரும். போகத்தான் வேண்டும் என்றால் குழந்தை மருத்துவரிடம் கேட்டுவிட்டுப் போங்கள், மேலே நீண்ட நேரம் நிற்காதீர்கள்.

நாங்கள் ரிகி மலைக்குப் போனோம். உச்சி சுமார் 1,800 மீட்டர். 1871இல் ஐரோப்பாவின் முதல் பல்சக்கர மலை ரயில் ஓடியது அங்கேதான். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும் நம் ரயிலின் பல்சக்கரத் தண்டவாளத்தை வடிவமைத்தவரும் ரோமன் அப்ட் என்ற சுவிஸ்காரர், அதன் பழைய நீராவி எஞ்சின்கள் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரில் செய்தவை. கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பு குழந்தையை ஊட்டி ரயிலில் ஒருமுறை கூட்டிப்போங்கள். அங்கே ஏறும்போது "நம்ம ரயிலு" என்று அதுவே சொல்லும்.

அங்க போய்க் காய்ச்சல் வந்துட்டா?

இங்கே மருத்துவர் கொடுத்த காய்ச்சல் மருந்து, உப்புச் சர்க்கரைக் கரைசல் பொடி, வெப்பமானி மூன்றும் கைப்பையில் இருக்கட்டும். மருந்துச் சீட்டு ஆங்கிலத்தில், மருந்து அதன் சொந்த அட்டையோடு. சிரப்பின் அடர்த்தி நாட்டுக்கு நாடு மாறும், அங்கே வாங்கினால் இங்கே கொடுத்த அளவையே கொடுத்துவிடாமல் மருந்துக்கடையில் கேட்டு ஊற்றுங்கள். பிரான்ஸ், இத்தாலியில் பச்சைச் சிலுவை போட்ட கடை, ஜெர்மனியில் சிவப்பு "ஏ" எழுத்து. அவசரம் என்றால் 112, ஐரோப்பிய ஒன்றியம் முழுக்கவும் சுவிட்சர்லாந்திலும் இதே எண். காப்பீட்டுக் கம்பெனியின் எண்ணை இரண்டு பேர் போனிலும் ஏற்றிவையுங்கள்.

எம் பேரு வேற இனிஷியல், கொழந்தை பேருக்குப் பின்னால அவிய அப்பா பேரு. ஏர்போர்ட்ல கேப்பாங்களா?

நம் ஆட்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லாததால் அம்மா பாஸ்போர்ட்டிலும் குழந்தை பாஸ்போர்ட்டிலும் பெயர் ஒட்டவே ஒட்டாது. ஆங்கிலத்தில் உள்ள பிறப்புச் சான்றிதழ் ஒன்று கையில் இருந்தால் போதும், அதில் அப்பா அம்மா இருவர் பெயரும் இருக்கும். டிக்கெட்டில் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயர் இருக்க வேண்டும், வீட்டில் எழுதுகிற மாதிரி இனிஷியலைச் சுருக்காதீர்கள். அம்மா மட்டுமோ, அப்புச்சி அம்முச்சியோ கூட்டிப்போவதாக இருந்தால் மற்ற பெற்றோரின் சம்மதக் கடிதத்தை நோட்டரியிடம் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், விசாவுக்கும் கேட்பார்கள்.

கரூர்ல இருந்து ஜனவரிக்கு ஃபிராங்க்பர்ட் ஹைம்டெக்ஸ்டில் ஜவுளிக் கண்காட்சிக்கு வருசா வருசம் போறனுங்க. அப்படியே சம்சாரம், பையனையும் கூட்டிட்டுப் போனா என்ன?

போகலாம், ஆனால் ஜனவரி என்பதை மறக்காதீர்கள். குளிர் பூஜ்யத்தை ஒட்டி இருக்கும், ஐந்து மணிக்கெல்லாம் இருட்டு. நீங்கள் பகல் முழுக்க ஸ்டாலில் நிற்பீர்கள், அவர்கள் அறைக்குள் உட்கார்ந்திருப்பார்கள். உங்களுடையது தொழில் பயணம், அவர்களுடையது சுற்றுலா என்று விண்ணப்பத்தில் உள்ளது உள்ளபடி எழுதுங்கள். கண்காட்சி முடிகிற அன்று அவர்கள் வந்து சேருகிற மாதிரி வைத்து, பிறகு ஒரு வாரம் ஒரே ஊரில் தங்குங்கள், மூன்றாவது கேள்வியில் சொன்ன மாதிரி.

அப்படியே லண்டனும் பாத்துட்டு வந்தர்லாமுங்களா?

ஷெங்கன் விசா அங்கே செல்லாது, பிரிட்டனுக்குத் தனி விசா, தனிச் செலவு. இரண்டு வாரத்தில் அதையும் திணிக்க வேண்டாம்.

அங்க போய் "வீட்டுக்குப் போலாம்"னு அழுதா என்ன பண்றதுங்க?

அழும். எங்கள் மகள் நாலரை வயதில் ரோமில் மூன்றாம் நாள் அழுதாள், அம்முச்சி வேண்டும், தன் தலையணை வேண்டும் என்று. அன்றைக்குக் கொலோசியம் டிக்கெட் இருந்தது, விட்டுவிட்டோம். அறையிலேயே தயிர்சோறு, அப்புறம் தெருமுனைப் பூங்காவில் மண்ணில் விளையாட்டு, அங்கே வந்த ஒரு இத்தாலியப் பெண் குழந்தையோடு பாஷையே இல்லாமல் இரண்டு மணி நேரம்.

வீட்டுத் தலையணை உறை ஒன்றைத் துவைக்காமல் எடுத்துப் போங்கள், அந்த வாசனைக்குத் தூங்கிவிடுவார்கள். தினமும் ஒரே நேரத்தில் ஊருக்கு வீடியோவில் பேசவையுங்கள். அங்கே சாயங்காலம் நாலு மணி என்றால் இங்கே ஏழரை, அம்முச்சி சீரியல் பார்க்க உட்காருவதற்கு முன்னால்.